யாரோடு யார் சென்றார்?

கடல் கடந்து வந்து தொண்டு செய்யும் கிறிஸ்தவ இளைஞரைப் பற்றி நம்மிடையே இருவகைப் பேச்சு வழங்கி வருகிறது. ஒன்று நினைவு மலர்களின் பேச்சு. தாய் தந்தையரைத் துறந்து, சுகவாழ்வைத் துறந்து, வெயிலிலும் கொள்ளை நோயிலும் உழைத்து மடிந்த உத்தமர் என்று அது புகழ் பாடும். மற்றது நமது மேடைகளின் பேச்சு. பாதிரியாரின் அங்கிக்குள் பட்டாளத்தான் ஒளிந்திருக்கிறான் என்று ஒரே வாக்கியத்தில் அது தீர்ப்புக் கூறிவிடும். இரண்டும் சௌகரியமானவை, ஏனெனில் இரண்டும் படிக்கும் சிரமத்திலிருந்து நம்மை விடுவித்துவிடுகின்றன. திருகோணமலைத் துறைமுகத்தையும் அதனைச் சார்ந்த கிழக்குக் கரையையும் களமாகக் கொண்டு, இத்தொண்டு பற்றிய எழுத்தை விமர்சன நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொண்டு பற்றிய எழுத்து என்று நாம் குறிப்பிடுவது எதனை? மிஷனரிமார் தாய்நாட்டுச் சங்கங்களுக்கு எழுதிய கடிதங்கள், அச்சங்கங்களின் ஆண்டறிக்கைகள், வாழ்க்கைச் சரிதங்கள், நமது கல்லூரிகளின் நூற்றாண்டு மலர்கள், இக்காலத்துத் தொண்டு நிறுவனங்களின் வெளியீடுகள் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். இவற்றை எவரும் இலக்கியமென்று கருதிப் படிப்பதில்லை. ஆயினும் இவற்றுக்குக் கதாநாயகன் உண்டு, களம் உண்டு, வாசகர் மனத்தை உருக்கும் உத்தி உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதுபவர் மனத்தில் கொண்ட வாசகர் ஒருவர் உண்டு. அவர் திருகோணமலையிலோ மூதூரிலோ வாழ்பவரல்லர். இலண்டனிலோ பொஸ்ரனிலோ நியூ ஓர்லியன்ஸிலோ இருந்து பணம் அனுப்புபவர். யாருக்காக எழுதப்பட்டது என்ற கேள்வியை எல்லா இலக்கியத்தின் முன்னும் வைக்கும் நாம், இவ்வெழுத்தின் முன்னும் அதனை வைக்கத்தான் வேண்டும்.

தமிழாசிரியர்கள் இதனை இலக்கணத்தைக் கொண்டே எளிதில் விளக்கலாம். நான்காம் வேற்றுமையின் ‘கு’ உருபு கொடைப்பொருளில் வரும். ‘மக்களுக்குத் தொண்டு செய்தார்’ என்னும்போது கொடுப்பவர் ஒருவர், கொள்பவர் வேறொருவர். மூன்றாம் வேற்றுமையின் ‘ஒடு’, ‘ஓடு’ என்னும் உருபுகள் உடனிகழ்ச்சிப் பொருளில் வரும். ‘மக்களோடு உழைத்தார்’ என்னும்போது செயல் இருவர்க்கும் பொது. தொண்டு பற்றிய எழுத்தின் பெரும்பகுதி ‘கு’ உருபின் மேல் கட்டப்பட்டது. அது எங்கே உண்மையாக ‘ஓடு’ உருபுக்கு மாறுகிறது, எங்கே மாறியதாகப் பாவனை செய்கிறது என்று காண்பதே நாம் இங்கே கொள்ளும் அளவுகோல்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நமது மேடைப் பேச்சு முழுப் பொய்யன்று. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் திருகோணமலைக் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். 1795 இல் இத்துறைமுகத்தைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், இலங்கை சுதந்திரம் பெற்று ஒன்பது ஆண்டுகள் கழிந்து 1957 இல்தான் கடற்படைத் தளத்தை ஒப்படைத்தனர். இவ்வரலாற்றினூடே வந்த போதகர் எவரும், அவர் மனம் எத்துணைத் தூயதாயினும், பீரங்கியின் பாதுகாப்பில் நின்றே போதித்தார் என்பதை மறுத்தல் இயலாது. ஆனால் இந்த உண்மை ஆராய்ச்சியின் தொடக்கமேயன்றி முடிவன்று. ஆதிக்கத்தின் நிழலில் வந்தவர்களுள் அந்நிழலை விட்டு வெளியே வந்தவர் எவர், வராதவர் எவர் என்ற வேறுபாட்டை அது காட்டுவதில்லை.

1814 ஜூன் மாத இறுதியில் வெஸ்லியன் மெதடிஸ்த சபையின் இளம் போதகர் சிலர் இலங்கையின் தென்கரையில் வந்திறங்கினர். அவர்களை வழிநடத்தி வந்த தோமஸ் கோக் கப்பலிலேயே இறந்துபோனார். வில்லியம் ஓல்ட் என்பவரின் இளம் மனைவியும் அப்பயணத்தில் இறந்தார். தனியராக மட்டக்களப்புக்கு அனுப்பப்பட்ட ஓல்ட், அங்கே பள்ளிகளைத் தொடங்கினார். ஓராண்டு நிறைவதற்குள், 1815 ஏப்ரலில், அவரும் இறந்தார். பின்னர் திருகோணமலையிலும் அச்சபையின் ஊழியமும் கல்விப் பணியும் வேரூன்றின. ஓல்டின் கதையைப் படித்து இரங்காதவர் கல்நெஞ்சர். ஆனால் ஒரு கேள்வி எஞ்சுகிறது. தமிழைக் கற்கத் தொடங்கிய சில மாதங்களிலேயே இறந்துவிட்ட ஒருவர் நிறுவிய பள்ளிகளில், பிள்ளைகளுக்கு அன்றாடம் எழுத்தறிவித்தவர் யார்? அவரும் இம்மண்ணின் வெயிலையும் காய்ச்சலையும் தாங்கியவரே. ஆனால் கதையில் அவருக்குப் பெயரில்லை. அவர் தம் ஊரில் தம் வேலையைச் செய்தவர், கப்பலேறி வந்தவரல்லர். ஆகவே அவர் உழைப்பு தியாகம் என்ற கணக்கில் சேரவில்லை.

பெயரின்மையினும் விசித்திரமான வழக்கம் ஒன்றும் வட இலங்கையில் இருந்தது. அமெரிக்க மிஷன் நடத்திய விடுதிப் பாடசாலைகளில் ஒரு பிள்ளையின் செலவை ஏற்ற அமெரிக்க நன்கொடையாளர், அப்பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரை இடலாம். நமது பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்துக் காத்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் அவ்வாறான ஒரு பெயரைத் தாங்கியவர்தாம். கொடையின் இலக்கணம் இங்கே அதன் எல்லையைத் தொடுகிறது. கொடுத்தவர் தம் பெயரையும் சேர்த்தே கொடுத்தார். பெற்றவர் எழுத்தறிவுக்கு ஈடாகத் தம் பெயரின் ஒரு பாதியைக் கொடுத்தார். அந்தப் பிள்ளைகளே பின்னாளில் தமிழுக்கும் நாட்டுக்கும் பெருந்தொண்டு ஆற்றினர் என்பது, நன்கொடையாளர் எதிர்பாராத விளைவு.

இம்மரபினுள்ளேயே வேறொரு போக்கும் பிறந்தது. 1847 இல், தம் இருபத்தைந்தாவது வயதில், யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர், மானிப்பாயில் வைத்தியசாலையும் மருத்துவக் கல்வியும் தொடங்கினார். 1860 களில் அவர் மருத்துவக் கல்வியைத் தமிழிலேயே நடத்தத் துணிந்தார். அங்காதிபாதம், இரணவைத்தியம், பிரசவ வைத்தியம், இரசாயனம் முதலிய துறைகளுக்குத் தமிழ்நூல்கள் ஆயின. இந்நூல்களைத் தமிழாக்குவதில் அவருடன் உழைத்த சப்மன், டன்போர்த் ஆகியோர் யாழ்ப்பாணத் தமிழர். பெயர்கள் மட்டும் அமெரிக்கப் பெயர்கள்! கிறீன் தம்மைத் தமிழருக்கு வந்த மருத்துவச் சுவிசேஷகர் என்றே கருதினார். மதமாற்ற நோக்கத்தை அவர் கைவிட்டவரல்லர். இதனை மறைத்து அவரை நம்மவராக்கிக் கொள்ளுதல் நேர்மையன்று. ஆயினும் அவர் செயலில் ஒரு முக்கியமான மாற்றம் உண்டு. வைத்தியத்தை மட்டுமன்றி வைத்தியனாகும் ஆற்றலையும் மக்கள் மொழியில் கொடுத்தவர், தாம் இல்லாமலே நடக்கக்கூடிய ஒன்றை விட்டுச் செல்கிறார். 1873 இல் அவர் கப்பலேறியபோது மானிப்பாயில் வைத்தியம் நின்றுபோகவில்லை. தொண்டு செய்பவர் தம்மைத் தேவையற்றவராக்கிக் கொள்ளுதலே தொண்டின் நிறைவு என்பதற்கு இது சான்று.

இனி, கப்பலேறிச் சென்றவர் வெள்ளையர் மட்டுமே என்றும் எண்ணிவிடக் கூடாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணக் கிறிஸ்தவ மாணவர் தமக்கென ஒரு சங்கம் நிறுவி, பாக்கு நீரிணைக்கு அப்பால் தொண்டியில் ஊழியம் செய்ய ஆளும் பணமும் அனுப்பினர். 1902 இல் யாழ்ப்பாணம் வந்த இருபத்தெட்டு வயது வேதநாயகம் சாமுவேல் அசரியா இதனைக் கண்டு வியந்தார். மறு ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. அதே அசரியா 1910 இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் எழுந்து, வெள்ளை மிஷனரிமாருக்கும் இந்திய ஊழியருக்கும் இடையே சமத்துவமான உறவில்லை என்பதை முகத்துக்கு நேரே எடுத்துரைத்தார். தியாகமும் பொருளும் வந்து சேர்ந்தன, நட்பு வரவில்லை என்பதே அவர் முறையீட்டின் சாரம். நம் இலக்கணத்தில் கூறுவதானால், ‘கு’ உருபு போதும், ‘ஓடு’ உருபு வேண்டும் என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வி இடதுசாரி மேடையிலிருந்து எழவில்லை; மிஷன் இயக்கத்தின் உள்ளிருந்து ஒரு தமிழ் இளைஞரின் வாயிலாக எழுந்தது. நாம் இதனை நினைவில் வைத்தல் நன்று.

மீண்டும் திருகோணமலைக்கு வருவோம். 1893 இல் நிறுவப்பட்ட திருகோணமலைக் கத்தோலிக்க மறைமாவட்டம், மட்டக்களப்பையும் தன்னுள் கொண்டிருந்தது. 2012 இல்தான் மட்டக்களப்பு தனி மறைமாவட்டம் ஆயிற்று. முதலில் பிரெஞ்சு யேசுசபையினரும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாண யேசுசபையினரும் இங்கே பணியாற்றினர். 1948 இல் அவ்வாறு வந்தவர்களுள் ஒருவர் யூஜின் ஜோன் ஹேபியர், லூசியானா மாநிலத்தவர், அப்போது இருபதுகளின் நடுவில் இருந்தவர். கறுப்பின மக்களுக்கெனத் தனிப் பள்ளிகளை ஒதுக்கி வைத்திருந்த மாநிலம் அது. அநீதியை எதிர்க்க அத்தனை கடல் கடக்க வேண்டியதில்லை என்று அன்றைய விமர்சகர் கூறியிருந்தால் அதில் நியாயம் இருந்திருக்கும்.

ஆனால் ஹேபியர் அடிகளாரின் பிற்கால வாழ்வு அந்த ஏளனத்துக்கு அடங்குவதாயில்லை. மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் மாணவருக்குப் பாடமும் கூடைப்பந்தாட்டமும் பயிற்றினார். பின்னர் தொழில்நுட்பப் பயிற்சி நிலையத்தைப் பொறுப்பேற்று, ஏழை இளைஞருக்குக் கைத்தொழில் கற்பித்தார். நாற்பத்திரண்டு ஆண்டுகள் இங்கேயே தங்கினார். 1990 இல் போர் மீண்டும் மூண்டது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம் மக்கள் கொல்லப்பட்டனர். பழிக்குப் பழியாகத் தமிழ் மக்களும் கொல்லப்பட்டனர். அமெரிக்கக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர் அக்கணமே புறப்பட்டுப் போயிருக்கலாம். யாரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். அவர் போகவில்லை. வாழைச்சேனையில் ஆபத்தில் சிக்கியிருந்த கன்னியாஸ்திரிகளுக்கு உதவச் சென்று, ஓகஸ்ட் 15 ஆம் திகதி மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமற் போனார். திரும்பிச் செல்லும் கப்பலைத் தாமாகவே விட்டுவிட்டவர் அவர். ‘கு’ உருபு ‘ஓடு’ உருபாக மெய்யாகவே மாறிய வாழ்வு இது. நமது மேடைப் பேச்சு இவ்வாழ்வின் முன் வாய்மூடி நிற்க வேண்டியதே.

எனினும் விமர்சகரின் வேலை இங்கே முடிந்துவிடவில்லை. அன்று காணாமற் போனவர் ஒருவரல்லர், இருவர். இரண்டாமவர் பேட்ரம் பிரான்சிஸ் என்னும் தமிழ் இளைஞர். இந்நிகழ்வைக் கூறும் எழுத்துக்களில் அவரைப் பற்றிப் பெரும்பாலும் நாம் காண்பது, ‘அடிகளாரோடு சென்றவர்’ என்ற ஒரு சொற்றொடரே. அடிகளாரின் பிறப்பிடம், கல்வி, குருப்பட்டம், விளையாட்டுத் திறன் எல்லாம் விரித்துரைக்கப்படுகின்றன. பிரான்சிஸ் எதை விரும்பினார், எதற்கு அஞ்சினார், அன்று அவ்வழியில் செல்ல ஏன் இசைந்தார் என்று கேட்கப்படுவதில்லை. ஒரு தமிழ் இளைஞர் அந்நாளில் அவ்வீதியில் செல்வது எத்தகைய ஆபத்து என்பதை அவர் அறியாதவரா? அறிந்தே சென்றாரெனில் அதுவும் தியாகமன்றோ?

பழைய இலக்கணம் ஒன்றைக் கூர்ந்து கவனித்திருக்கிறது. இருவர் ஒரே வினையைச் செய்யுமிடத்து, ‘ஒடு’ உருபு உயர்ந்தோன் பெயரையே சாரும் என்பது தொல்காப்பியர் விதி. அரசனோடு சேவகர் வந்தார் என்பதே மரபு. சேவகரோடு அரசன் வந்தான் என்பது மரபன்று. உடனிகழ்ச்சி என்று நாம் நம்பியிருந்த உருபினுள்ளும் மேல் கீழ் ஒளிந்திருக்கிறது! ‘மக்களோடு’ என்று எழுதிவிட்டால் சமத்துவம் வந்துவிடாது. யார் பெயரைச் சார்ந்து யார் நிற்கிறார் என்றும் பார்க்க வேண்டும். அடிகளாரின் பெருமையைக் குறைப்பதற்காக இதனைக் கூறவில்லை. தம் மாணவரின் ஆற்றலை வளர்க்க வாழ்நாளைச் செலவிட்ட ஆசிரியர் ஒருவர், தம்மோடு மறைந்த இளைஞன் பெயரளவில் நின்றுபோவதை விரும்பியிருப்பாரா என்றே கேட்கிறோம்.

பதினாறு ஆண்டுகளுக்குப் பின் திருகோணமலை மாவட்டத்திலேயே இக்கேள்வி மேலும் கொடிய வடிவில் எழுந்தது. கொட்டியாரக் குடாவின் ஒரு கரையில் திருகோணமலை நகரம். மறு கரையில் மூதூர். 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப் பின் இக்கரைகளில் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் குவிந்தன. சமயச் சார்புள்ளவையும் அற்றவையும் அவற்றுள் இருந்தன. சார்பற்றவற்றுள் அக்சன் பாம் என்னும் பிரெஞ்சு நிறுவனமும் ஒன்று. இங்கே சமயம் இல்லை. ஆனால் தொண்டின் அமைப்பு அதுவே. 2006 ஓகஸ்ட் தொடக்கத்தில் மூதூரில் போர் மூண்டபோது, திருகோணமலையிலிருந்து பணிக்குச் சென்றிருந்த அதன் ஊழியர் அங்கே சிக்கிக்கொண்டனர். அவர்களை மீட்டுவரும் முயற்சிகள் பலிக்கவில்லை. ஓகஸ்ட் 4 ஆம் திகதி, நிறுவனத்தின் வளவிலேயே பதினேழு பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம், நால்வர் பெண்கள். போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு அரச படையினரே பொறுப்பு என்று கருத்து வெளியிட்டது; அரசாங்கம் அதனை மறுத்தது. ஜனாதிபதி ஆணைக்குழு விசாரித்தது. இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

கொல்லப்பட்ட பதினேழு பேரும் உள்ளூர்ப் பணியாளர். ‘உள்ளூர்ப் பணியாளர்’ என்ற இரு சொற்களில் ஓர் உலக ஒழுங்கே அடங்கியிருக்கிறது. வெளிநாட்டுத் தொண்டர் ஒரு நாட்டை விட்டு வெளியேறலாம். உள்ளூர்ப் பணியாளர் எங்கே வெளியேறுவார்? அவர் வேலை செய்யும் இடமும் அவர் வீடும் ஒன்றே. அந்நிறுவனம் அவர்களை மறந்துவிடவில்லை என்பதையும் கூறுதல் வேண்டும். நீதி கோரி உலக அரங்கில் பல ஆண்டுகள் வாதாடி, 2013 இல் விரிவான அறிக்கையும் வெளியிட்டது. ஆயின் அறிக்கை இலக்கியமாகாது. ஹேபியர் அடிகளாரின் கதையைக் கேட்டவர் மனத்தில் ஒரு முகம் எழுகிறது. மூதூர் என்றதும் எழுவது ஓர் எண். இதற்கு வெளிநாட்டவரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. அப்பதினேழு பேரின் உற்றார் உறவினர் நம்மிடையே வாழ்கிறார்கள். அவர்களுடைய மொழி நம் மொழி. முகங்களைத் தரவேண்டியது நம் எழுத்து. முற்போக்கு எழுத்து என்று நாம் பெருமை கொள்ளும் எழுத்தும், மக்களைப் பற்றிப் பன்மையில் முழங்கிவிட்டு, ஒருமையில் அவர்களைக் காணத் தவறும் குற்றத்தினின்றும் விடுபட்டதன்று.

அப்படியானால் எவரும் எங்கும் போக வேண்டாமென்பதா நமது முடிவு? கத்தோலிக்கக் குருவாகிய இவான் இலிச், 1968 இல் மெக்சிக்கோவில், அங்கே தொண்டுக்கு வந்த அமெரிக்க மாணவரிடையே பேசும்போது ஏறத்தாழ அவ்வாறே கூறினார். காண வாருங்கள், கற்க வாருங்கள், உதவ வராதீர்கள் என்பது அவர் வாதம். அதன் கூர்மையை நாம் மதிக்கிறோம்; முழுவதும் ஏற்கவில்லை. சர்வதேச ஒருமைப்பாடு நமது கொள்கைகளுள் ஒன்று. 1938 இல் இந்திய மருத்துவக் குழுவோடு சீனா சென்று, அந்நாட்டு விடுதலைப் படையினரிடையே உழைத்து, 1942 இல் முப்பத்திரண்டாம் வயதில் அங்கேயே மறைந்த சோலாப்பூர் டாக்டர் கோட்னிஸை நாம் போற்றுகிறோம். கோட்னிஸைப் போற்றிவிட்டு ஹேபியரைத் தூற்றுவது விமர்சனமாகாது. கட்சிச் சார்பு மட்டுமே. இருவரையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும். கோட்னிஸோடு உழைத்த சீனத் தாதியருள் எத்தனை பேரின் பெயரை நாம் அறிவோம் என்ற கேள்வியையும் அப்போது நாம் எதிர்கொண்டாக வேண்டும்.

ஆகவே, தொண்டு செய்ய வரும் இளைஞரிடமும், நாளை இங்கிருந்து வேறு நாடுகளுக்குத் தொண்டு செய்யப் போகும் நம் இளைஞரிடமும் கேட்க வேண்டியவை சில. செய்யவேண்டிய வேலையைத் தீர்மானித்தவர் யார்? ஆபத்து வந்தால் திரும்பிச் செல்லும் வழி யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை? வேலை முடிந்தபின் எழுதப்படும் கதையில் யார் பெயர் நிற்கும்? இம்மூன்றில் கடைசிக் கேள்விக்கு விடை நம் கையிலேயே இருக்கிறது. திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் கல்லூரி மலர்கள் இனியும் வெளிவரும். அவற்றைத் தொகுக்கப்போவோர் இதனைப் படிக்கும் ஆசிரியரும் மாணவருமே. அதிபர்களின் படங்களுக்குப் பின், பாதிரிமாரின் படங்களுக்குப் பின், அங்கே எழுத்தறிவித்த உள்ளூர் வாத்தியார், சமைத்தவர், வண்டி ஓட்டியவர், நோயாளியைத் தூக்கிச் சென்றவர் யாரென்று முதியோரைக் கேட்டு எழுதலாம். அதற்கு வெளிநாட்டு நிதி தேவையில்லை.

முதல் வாக்கியத்தை நாமே எழுதித் தொடங்குவோம். 1990 ஓகஸ்ட் 15 ஆம் திகதி, பேட்ரம் பிரான்சிஸோடு ஹேபியர் அடிகளாரும் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். பழைய இலக்கணத்தின்படியும் இது பிழையான வாக்கியமன்று. உருபு சேரவேண்டிய பெயரைத்தான் சேர்ந்திருக்கிறது.